ஆறாவது தோள்

அப்பன் செத்ததற்கு லியோனல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பத்தாவது ஸ்கெல்டர் பிரபுவான அந்த மனுஷன் மூத்த மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “ஏய்” என்பதோடு சரி. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது வருஷம் சம்பளமில்லாமல் பண்ணையைப் பார்த்தான் லியோனல். மூத்தவன் நாம்தானே, பட்டமும் அதோடு சேர்ந்து வருகிற வீடும் நிலமும் நமக்குத்தானே என்கிற ஒரே நினைப்பு.

அடக்கத்தன்று காலை, சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் நாற்காலியில் தம்பி டென்சில் உட்கார்ந்து முட்டையை உடைத்துக்கொண்டிருந்தான். லண்டனில் ஒயின் விற்கிறவன். கிறிஸ்துமஸுக்குக்கூட இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காதவன்.

“எந்திரி. அது என் இடம்.”

“அம்மா, நீங்களே சொல்லிடுங்க. எனக்கு முட்டை ஆறிடும்.”

அம்மா வினிஃப்ரெட் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. “நீ பொறந்தது ஜனவரில, லியோனல். எங்க கல்யாணம் அதுக்கு அடுத்த மாசம், பிப்ரவரில, பதிவு ஆபீஸ்ல, சத்தமில்லாம. ஒரு வருஷம் முன்னாடியே ஆயிட்டதா ஊருக்குச் சொல்லிட்டோம். கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்த பிள்ளைக்குப் பட்டம் வராது. அதான் சட்டம்.”

“ஒரு மாசம் முன்னாடி பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“வேட்டை சீசன்டா. வாராவாரம் வீடு நிறைய விருந்தாளி. உங்கப்பா பண்ணிக்கலாம்னுதான் சொன்னார். சீசன் முடியட்டும்னு நான்தான் தள்ளிப்போட்டேன்.”

நாலு பறவை சுடுவதற்காகத் லியோனலின் வாழ்க்கையையே காவு கொடுத்துவிட்டு, இந்தப் பொம்பளை வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றான் தம்பியிடம்.

“பதினெட்டு வயசுல அப்பா சொன்னார். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னார். தெரிஞ்சா நீ போயிடுவ, அப்புறம் பண்ணைய யாரு பாக்கறது? ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.” டென்சில் வாயைத் துடைத்துக்கொண்டான். “ஒண்ணும் மாறப்போறதில்லண்ணா, நீ பாட்டுக்கு இரு. இன்னிக்கு மட்டும் வாரிசு இடத்துல நான் நடக்கறேன். நீ பெட்டியத் தூக்கு.”

அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். ஐந்து குத்தகைக்காரர்களும் வீட்டு ஆள் ஒருவனும் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து மேட்டுத் தேவாலயத்துக்கு ஏறுவார்கள். வாரிசு மட்டும் கைவீசிக்கொண்டு பின்னால் நடப்பான்.

வாசலில் ஐந்து பேர் தோள் கொடுத்து நின்றார்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. லியோனல் சேறு படிந்த பழைய கோட்டோடு வந்து, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

“தூக்குடா!” என்று சீறினான் டென்சில்.

“முப்பது வருஷம் தூக்கியாச்சு. நீதான பிரபு? உன் அப்பன், உன் தோள்.”

“ஊரே பாக்குது, லியோனல்.” முதல்முறையாக அம்மாவின் குரல் நடுங்கியது.

“பாக்கட்டும்மா. இப்ப வேட்டை சீசன். முடியட்டும், வந்து தூக்கறேன்.”

பெட்டி இன்னும் சாய்ந்தது. குத்தகைக்காரர்கள் டென்சிலையே பார்த்தார்கள். பதினோராவது ஸ்கெல்டர் பிரபு தன் லண்டன் கோட்டோடு பெட்டிக்கு அடியில் நுழைந்தான், முதல் அடியிலேயே சேற்றில் முழங்கால் ஊன்றினான். பின்னால் வாரிசு நடக்கும் இடத்தில் யாரும் இல்லை.