மூட்டையைத் தேடிய பதினேழு நாட்கள்

பொய் சொல்லலாம் என்று சொன்னது நான்தான், அவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் அவர்மேல்தான் பாய்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே குளியலறை. உள்ளே போனவர் வெளியே வரமாட்டார், வெளியே நிற்பவர் கதவைத் தட்டுவதை நிறுத்தமாட்டார். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்று குறுக்குக் கேள்வி கேட்பாள், அதனால் வக்கீல். அடுத்தவனுக்கு ஒன்பது. பல் தேய்த்துக்கொண்டே தூங்கக்கூடியவன், அவன் கொட்டாவி. கடைக்குட்டிக்கு ஆறு வயது, அவள் சுண்டு. இவர்கள் போதாதென்று ஒரு பூனை, ஒரு நாய். ஒரு வேலையும் செய்யாமல் உயரத்தில் உட்கார்ந்து எல்லோரையும் முறைப்பதால் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். நாய்தான் மூட்டை.

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குப் போன ஒரு வீட்டில் மெஷினுக்குப் பின்னால் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். வக்கீல் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். நாய் படுத்தால் யாரோ அழுக்குத்துணியைக் கட்டிப் போட்டதுபோல இருக்கும். மூன்று பிள்ளைகளும் அதன் காதைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினார்கள். கடைசி இரண்டு வருஷமாக அதற்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் பிஸ்கட் உறையைப் பிரித்தால் மட்டும் எங்கிருந்தாலும் மூக்கில் வியர்த்துவிடும்.

காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூட வண்டி ஏறியதும் அது அவருடைய வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவர் குனிந்து பார்ப்பார். "டேய் மூட்டை, எந்திரிடா, ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று அதன் முதுகைத் தட்டி எழுப்புவார். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் இதை மறந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மறந்தார். ஒரு மருத்துவமனையில் துணி துவைக்கும் பெரிய மெஷின் நின்றுபோய், விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தது. "இதோ வந்துட்டேன் சார், கெளம்பிட்டேன்" என்று தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார்.

நான் அடுக்களையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம். நாய் கத்திய சத்தம் இல்லை, அவர் கத்திய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தார். அது அவர் கையை ஒருமுறை நக்கியது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூச்சு நின்றுபோனது.

"நான் குனியல" என்றார். "இன்னைக்கு நான் குனிஞ்சு பாக்கல."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. "பிள்ளைங்ககிட்ட இதச் சொல்ல வேணாங்க. ஓடிப்போச்சுன்னு சொல்லிடலாம்."

"எதுக்கு?"

"சுண்டு உங்க முகத்தப் பாப்பாளா இனிமே? உங்க வண்டியில ஏறுவாளா? வேணாங்க. கொஞ்ச நாள் தேடுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

அவர் எழுந்தார். மெஷின்களைச் சுற்றி எடுத்துப்போகும் கனத்த போர்வையில் மூட்டையைச் சுற்றி, தன் பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினேன். பிறகு புடவை மாற்றிக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். அன்று எனக்கு ஊசி குத்த நரம்பே அகப்படவில்லை. ஒரு பெரியவர், "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். வாசலில் மூட்டையைக் காணவில்லை என்றதும் வக்கீல் விசாரணையை ஆரம்பித்தாள்.

"எப்படிம்மா வெளிய போகும்? கேட் சாத்தித்தானே இருக்கும்?"

"கேட் தெறந்து கெடந்தது. நீங்க போனப்புறம், அப்பா கெளம்பறதுக்கு முன்னாடி நான் வந்து பாத்தா, தெறந்தே கெடக்குது" என்றேன்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல், யோசிக்காமல், தானாக என் வாயில் வந்தது அது. பொய்யை நம்பும்படிச் செய்ய நான் சேர்த்த ஒரே ஒரு வரி.

அன்றைக்கே தேடல் தொடங்கியது. வக்கீல் ஒரு தாளில் மூட்டையின் படத்தை ஒட்டி, "காணவில்லை. காது கேட்காது. பயப்படாதீர்கள், கடிக்காது" என்று எழுதி ஐம்பது பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். கடைகளில், பேருந்து நிறுத்தங்களில், மின்கம்பங்களில் எல்லாம் ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு ஏணி பிடித்தவர் அவர்தான்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் பிள்ளைகள் அவரை விடமாட்டார்கள். அதே வேனில் மூன்று பேரும் ஏறிக்கொள்வார்கள். அவர் தெருத்தெருவாக மெதுவாக ஓட்டுவார். "அப்பா, நீங்க கூப்பிடுங்க, உங்க குரல்தான் அதுக்குக் கேக்கும்" என்பான் கொட்டாவி. அவரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மூட்டை! டேய் மூட்டை!" என்று கூப்பிடுவார். திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

"என்னால முடியலம்மா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "சொல்லிடலாம்."

"இன்னும் ஒரு வாரம். அவங்களே ஓஞ்சுபோயிடுவாங்க" என்றேன்.

ஓயவில்லை. ஒரு பெண்மணி போன் செய்து, அதே மாதிரி நாய் ஒன்று தங்கள் தெருவில் நிற்கிறது என்றார். பிள்ளைகள் தலைகால் புரியாமல் குதித்தார்கள். போய்ப் பார்த்தால் அது வேறு யாருடைய நாயோ, பாதி வயதுகூட இருக்காது. இவர்களைப் பார்த்து வாலை ஆட்டியது. கொட்டாவி வேனுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். மேனேஜர் வேறு, நான் கழுவிவிட்ட இடத்திலேயே போய் உட்கார்ந்து தரையை முகர்ந்துகொண்டிருக்கும். "பாவம், அதுவும் தேடுது" என்றாள் வக்கீல்.

இதில் நான் கவனிக்காமல் விட்டது சுண்டுவை. மற்ற இருவரும் அழுதார்கள், கோபப்பட்டார்கள். சுண்டு ஒன்றுமே செய்யவில்லை. வாயாடி, வாசலில் போகிற காய்கறிக்காரரைக்கூட விடாமல் கதை பேசுகிறவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் விட்ட பழக்கம், படுக்கையை நனைப்பது, திரும்ப வந்தது. சின்னப் பிள்ளை, ஏக்கம், சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எத்தனை துணிதான் துவைப்பது என்று ஒருநாள் எரிந்தும் விழுந்தேன்.

பதினேழாம் நாள் மதியம் அவளுடைய டீச்சர் போன் செய்தார்.

"வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா? வகுப்புல பாதிப் பாடத்துல எழுந்து போய்க் கதவச் சாத்துறா. ஒரு தடவ இல்ல, பத்துப் பதினஞ்சு தடவ. உக்காரச் சொன்னா, சரியா சாத்திருக்கான்னு பாக்கணும் மிஸ்னு அழுறா."

பாதி வேலையில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அவளை அழைத்துக்கொண்டு நடந்து வரும்போது வழியில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டேன். வெகுநேரம் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான்தாம்மா" என்றாள். "தண்ணி பாட்டில மறந்துட்டேன்ல, அன்னிக்கி. திரும்ப வந்து எடுத்துட்டு ஓடினேன்ல. நான்தான் கடைசி. நான்தான் கேட்ட சாத்தல."

"இல்லடா கண்ணு, நீ சாத்திட்டுத்தான் போன."

"நீதானே சொன்ன, தெறந்து கெடந்துச்சுன்னு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காகிட்ட சொல்லாதம்மா. அண்ணன்கிட்டயும் சொல்லாத. அப்பா தெனமும் தேடுறாருல்ல. அப்பாகிட்டயும் சொல்லாத."

அந்த பெஞ்சில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். தன்னால்தான் நான் அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவருக்குப் போன் செய்து சொன்னேன். "வரேன்" என்றார்.

மற்ற இருவரும் பள்ளி விட்டு வந்ததும் மூன்று பேரையும் கூடத்தில் உட்காரவைத்தார். தானும் அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"மூட்டை ஓடிப்போகல. அது செத்துப்போச்சு. வண்டிக்கு அடியில படுத்திருந்துச்சு, நான் பாக்காம எடுத்துட்டேன். அப்பாதான் காரணம். நான் வண்டிய எடுக்க வந்தப்ப கேட் சாத்தித்தான் இருந்துச்சு. நம்ம சுண்டு நல்லா சாத்திட்டுத்தான் போயிருந்தா."

கொட்டாவி எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டான். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வக்கீல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ நாம தேடினது?" என்றாள். "தெனமும் கூப்பிட்டீங்களே. ஜன்னல்ல தலைய நீட்டிக் கூப்பிட்டீங்களே அப்பா. எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நான்தான்" என்றேன். "பொய் சொல்லச் சொன்னது நான். அப்பா அன்னைக்கே சொல்லணும்னு இருந்தாரு."

"தெரியும்" என்றாள் என்னைப் பார்த்து. "அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது."

சுண்டுதான் எங்களை உலுக்கிவிட்டாள். "அப்போ நான் இல்லையா? நிஜமாவே நான் இல்லையா?" என்று இரண்டுமுறை கேட்டாள். இல்லை என்றார் அவர். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று ஒரு குதி குதித்தாள். குதித்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்போ மூட்டை வராதா?"

அதுவரைக்கும் அவள் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தப்பு தன்னுடையது என்றாலும், என்றைக்காவது அது கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று நம்பியிருக்கிறாள். இப்போது இரண்டையும் ஒரே மூச்சில் பிடுங்கிவிட்டோம். பதினேழு நாள் அழாதவள் அன்று அழுதாள். அவர் அவளைத் தூக்கப் போனார். முதலில் திமிறினாள், பிறகு அவர் சட்டையையே பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஐந்து பேரும் பட்டறைக்குப் போனோம். புதைத்த இடத்தில் அவர் ஏற்கெனவே செங்கல்லை அடுக்கிச் சின்னதாக ஒரு வேலி கட்டியிருந்தார். எனக்கே தெரியாது. பிள்ளைகள் அங்கே நிறைய நேரம் நின்றார்கள். கொட்டாவி, "அதுக்கு வலிச்சுதாப்பா?" என்று கேட்டான். "கொஞ்ச நேரம் வலிச்சுதுடா. என் மடியிலதான் இருந்துச்சு" என்றார். மழுப்பவில்லை. அவன் தலையாட்டிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

போகப்போக சுண்டு சரியானாள். கதவைச் சாத்த ஓடுவது ஒரு மாதத்தில் நின்றது. கொட்டாவி பழையபடி அப்பாவோடு வேனில் முன்சீட்டில் ஏறிக்கொள்கிறான். அவரை மூன்று பேரும் மன்னித்துவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

என் விஷயம் அப்படி இல்லை. வக்கீல் என்னிடம் சண்டை போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. மரியாதையாகத்தான் பேசுகிறாள், சொன்ன வேலையைச் செய்கிறாள். போன வாரம் பரிசோதனைக்கூடத்தில் ஆள் குறைவு. வீட்டுக்குப் போன் செய்து, "இன்னைக்கு வர லேட்டாகும்டி, நிறையப் பேர் காத்திருக்காங்க" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அவள் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நிஜமாவாம்மா?" என்று கேட்டாள்.

நிஜம்தான் என்றேன். எதிரே நாற்காலிகளில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அவளுக்குக் காட்ட எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.