துணி மூடிய திரை

அன்று பகல் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நுரையீரல் வார்டில் அவள் ஆய்வு நர்ஸ். மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுக்காமல், காது மடலில் ஒரு கிளிப்பை மாட்டியே உடம்பில் ஆக்ஸிஜனும் கரியமில வாயுவும் எவ்வளவு என்று அறிய முடியுமா என்பதுதான் ஆய்வு. கருவி சோதனையில் இருந்ததால் அதை நம்பி யாரும் வைத்தியம் செய்துவிடக் கூடாதென்று திரையைத் துணியால் மூடியிருந்தார்கள். துணியைத் தூக்கிப் பார்க்க அவளுக்கு மட்டும் அனுமதி. பார்த்ததை வெளியே சொல்ல அவளுக்கும் அனுமதி இல்லை.

ஜன்னலோரப் படுக்கையில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். காலையில் கிளிப் மாட்டியபோது, "என்ன சிஸ்டர், எனக்கே காது குத்துறீங்களா?" என்று மூச்சிரைக்கச் சிரித்தவர், இப்போது அசந்து தூங்கினார். பக்கத்தில் மனைவியும், பார்க்க வந்திருந்த மச்சினனும்.

"ரொம்ப நாளைக்கு அப்புறம் கண்ணசந்திருக்கார். எழுப்பிடாதீங்க," என்றாள் மனைவி கிசுகிசுப்பாக.

விரலில் மாட்டியிருந்த வழக்கமான கருவி, ஆக்ஸிஜன் தொண்ணூற்றெட்டு என்றது. நர்ஸ் துணியைத் தூக்கினாள். கரியமில வாயு காலையில் இருந்ததைவிட எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

திக்கென்றது. ஆனால் இந்தக் காதுக் கருவி கூட்டிக் காட்டுவதும் உண்டு. ஆய்வு தொடங்குமுன் நடந்த ஒத்திகையில் ஒருமுறை அப்படிக் காட்டி, அவள் பதறி ஓடியபோது, "முதல்ல உங்க மெஷினுக்கு வைத்தியம் பாருங்க," என்று வார்டு டாக்டர் சிரித்திருந்தார்.

கிளிப்பைக் கழற்றி, அளவைச் சரிபார்த்து, இன்னொரு காதில் மாட்டினாள். எண் நிலைக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். தலைமை ஆய்வாளருக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. வராந்தாவுக்குப் போனாள், வந்தாள். துணியைத் தூக்கினாள், விட்டாள். மறுபடி தூக்கியபோது எண் முன்னைவிட மேலே நின்றது.

"ஐயா! ஐயா!" தோளைத் தட்டினாள். டிரைவர் பாதிக் கண் திறந்து ஏதோ குழறிவிட்டு மறுபடி சாய்ந்தார்.

"அதான் எழுப்பாதீங்கன்னு சொன்னேனே!" என்று மனைவி எரிந்து விழுந்தாள்.

நர்ஸ் போய் டாக்டரைக் கையோடு அழைத்து வந்தாள். அவர் விரல் கருவியைப் பார்த்தார். "ஆக்ஸிஜன் ஜோரா இருக்கே. மனுஷன் தூங்குறார்."

"இது தூக்கம் இல்ல சார்."

அவள் துணியை உருவிப் போட்டாள். திரையைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. உடனே மணிக்கட்டில் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தபோது கருவி சொன்னது கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. அப்போதுதான் டாக்டரின் கண் சுவரிலிருந்த ஆக்ஸிஜன் திருகின் மேல் விழுந்தது. "இதை யார் இவ்வளவு கூட்டினது?"

மச்சினன் எழுந்து நின்றான். "நான்தான் சார். மாமா மூச்சுக்குத் திணறினார், பார்க்கப் பொறுக்கல. காத்துதானே, கூட இருந்தா நல்லதுதானேன்னு..."

"இந்த மாதிரி நுரையீரலுக்கு அளவுக்கு மேல போனா கெட்ட காத்து உள்ளேயே தங்கிடும்ப்பா. மயக்கத்துல கொண்டுபோய் விட்டுடும்."

திருகைக் குறைத்து, முகமூடி வழியாக மூச்சு தரும் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். நர்ஸ் உட்காரவே இல்லை. மச்சினன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். மனைவி அவனைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. புருஷனின் காலையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டிரைவர் கண் விழித்து, முகமூடியைத் தள்ளப் பார்த்து, கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். மனைவிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

தலைமை ஆய்வாளர் வந்ததும் கடுகடுத்தார். "விதியை மீறிட்டீங்க. இவரோட அளவுகளை இனி ஆய்வுல சேர்க்க முடியாது."

"எடுத்துடுங்க மேடம். ஆனா நாளைக்கும் திரையை மூடணும்னா வேற ஆளைப் பாருங்க."

அவர் நெடுநேரம் படுக்கையருகே நின்று டிரைவரின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, விதிகளை மறுபடி பேசி முடிக்கும்வரை ஆய்வை நிறுத்தி வைக்கச் சொன்னார்.