மேகத்துக்குப் போன பெட்டி

ஜவ்வாது மலைமேல் இருக்கும் அந்த அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் இயற்பியல், உயிரியல், வேதியியல் துறைக்காரர்கள் எல்லாரும் ஒரே கேன்டீனில்தான் சாப்பிட வேண்டும். ஜெப்சியும் அன்பரசியும் அங்கேதான் பழகினார்கள். இருவரும் முனைவர் பட்ட மாணவிகள். கணியம்பாடிக்காரி ஜெப்சி, பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பும் கருவிகளைச் செய்பவள். மலையிலேயே பிறந்து வளர்ந்த அன்பரசி நுண்ணுயிர்களை ஆராய்பவள்.

"மேகத்துக்குள்ள கிருமி உயிரோட இருக்குமாடி?" என்று ஒருநாள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஜெப்சி கேட்டாள்.

"நீ புடிச்சிக்கினு வந்து குடு. நான் வளத்துக் காட்றேன்."

அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் பெட்டி. உள்ளே இரண்டு அறைகள். ஒன்று மேகத்துக்குள் போனதும் திறந்து, காற்றை ஒரு வடிகட்டி வழியாக இழுத்துக்கொண்டு, இறங்கும் முன்பே மூடிக்கொள்ளும். இன்னொன்றிலும் அதேபோல ஒரு வடிகட்டி உண்டு, ஆனால் அது கடைசிவரை திறக்கவே திறக்காது. திறக்காத அறையிலும் கிருமி வளர்ந்தால், அது மேகத்தில் இருந்து வந்ததல்ல, இவர்கள் கையிலிருந்தே ஒட்டிக்கொண்டு போனது என்று பொருள். மூடிக்கு விலை உயர்ந்த வளையங்கள் எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் பால் குக்கர் ரப்பர்தான் கச்சிதமாக உட்கார்ந்தது.

முதல் பலூன் மேகத்தைத் தொடும் முன்பே வெடித்தது. இரண்டாவது முறை மூடி மூடிக்கொள்ளவில்லை. பெட்டி முழுக்க மண்ணும் சருகுமாகத் திரும்பி வந்தது. மூன்றாவது பலூனை அனுப்பிய காலையில், இருவருக்கும் வழிகாட்டியான பேராசிரியர் சிவசங்கரி தானே வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "விடலாமா?" என்று கேட்டு, பதில் வரும் முன்பே விட்டுவிட்டார். வெள்ளைப் பலூன் விறுவிறுவென ஏறி மேகத்துக்குள் மறைந்தது.

ஜெப்சியின் கைப்பேசியில் ஒரு பச்சைப் புள்ளி நகர்ந்தது. உயர்ந்தது, நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது.

"மூடிடுச்சாடி?"

"தெரியல. அத மட்டும் சொல்ற மாதிரி நான் செய்யல. வண்டிய எடு!"

அன்பரசியின் ஸ்கூட்டி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து பறந்தது. பின்னால் உட்கார்ந்த ஜெப்சி, "இடது! இடது!" என்று காதருகே கத்திக்கொண்டே வந்தாள். புள்ளி பள்ளத்தில் ஒரு சாமைக் கொல்லையில் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் சட்டென்று அணைந்தும் போனது.

"சிக்னல் போச்சுடி!"

"போனா போவுது. அது முனிசாமி மாமா கொல்லை. எனக்கு வழி தெரியும்."

கொல்லையில் நான்கைந்து பேர் கூடியிருந்தார்கள். முனிசாமியின் மனைவி மாணிக்கம்மாள் கையில் நீளக் கழியுடன் ஒரு தண்ணீர் டிரம்மைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"கிட்ட வராதீங்க! மேலேர்ந்து வுழுந்துச்சு. செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குனு எரிஞ்சிச்சு. வெடிச்சிடுமோன்னு தண்ணில அமுக்கிட்டேன்."

ஜெப்சி டிரம்மை நோக்கி ஓடினாள். "அய்யோ அக்கா! அது எங்க பெட்டிக்கா!"

"உங்களுதா? இன்னாம்மா இது, சொல்லிட்டு அனுப்பக் கூடாதா?"

ஜெப்சி முழங்கை வரை கையை விட்டுப் பெட்டியைத் தூக்கினாள். எல்லா ஓரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டியது. திரும்பும் வழியெல்லாம் அதை மடியில் கட்டிப் பிடித்திருந்தாள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் எல்லாம் வீண்.

ஆய்வகத்தில் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, கண்ணாடித் தடுப்புக்குள் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு அன்பரசி மூடியை மெல்ல நெம்பினாள். சிவசங்கரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"மேடம், காஞ்சிருக்கு!" அன்பரசி கூவினாள். "ஒரு சொட்டு ஈரம்கூட இல்ல மேடம்!"

சிவசங்கரி வாய்விட்டுச் சிரித்தார். "பெட்டி இறுக்கமா மூடிச்சுன்னு எப்படி நிரூபிக்கிறதுன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். அந்தம்மா தண்ணில அமுக்கியே காட்டிட்டாங்க. கட்டுரையில அவங்களுக்கு நன்றி சொல்லணும்."

இரண்டு வடிகட்டிகளையும் கிருமி வளர்க்கும் தனித்தனித் தட்டுகளில் வைத்தார்கள். அதன் பிறகு ஜெப்சிக்குச் சொந்த வேலை எதுவும் ஓடவில்லை. கருவிக்கூடத்தில் இருப்பதும், உயிரியல் கட்டடத்துக்கு ஓடுவதுமாக இருந்தாள். "பாத்துக்கினே இருந்தா வளராது, போடி" என்று அன்பரசி விரட்டுவாள். ஆனால் ஜெப்சி போன மறு நிமிடம் அவளே போய்ப் பார்ப்பாள்.

ஒருநாள் காலை ஜெப்சி வாயில் இட்லியுடன் நிற்கும்போது கைப்பேசி அடித்தது. அன்பரசி "வா" என்று மட்டும் சொன்னாள்.

மேகத்தில் திறந்த அறையின் தட்டில் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாக, மிளகளவில், பளபளப்பாகக் கிருமித் திட்டுகள் வளர்ந்திருந்தன. பக்கத்தில், திறக்காத அறையின் தட்டு துடைத்து வைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. ஜெப்சி இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது... மேலேர்ந்தா?"

"மேகத்துலேர்ந்துதான்டி! உயிரோட!"

இருவரும் கட்டிப்பிடித்துக் கத்திய கத்தலில், பக்கத்து அறையிலிருந்து வேதியியல்காரர்கள் தீ பிடித்துவிட்டதோ என்று ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் தட்டைச் சுற்றி முண்டியடித்தார்கள். கணிதத் துறை ஸ்டீவ் மேசைமேல் ஏறிப் படம் எடுத்தான்.

சிவசங்கரி வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "அழகா இருக்கு. ஆனா ஒரு தடவை வந்தது போதாது. திரும்ப அனுப்பணும், திரும்ப வரணும். அப்பதான் எழுத முடியும்."

"இன்னைக்கே அனுப்பலாமா மேடம்?" என்றாள் ஜெப்சி.

சிவசங்கரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மலைமுகட்டில் புது மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது.

"பலூன் விட அனுமதிக்கு நான் போன் பண்றேன். நீங்க பலூன் கேஸ் சிலிண்டரை வெளியே உருட்டுங்க."

அவர் பேசி முடிப்பதற்குள் ஜெப்சி மாடிப்படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.