தொடக்கூடாத நெற்றி

முன்பனிக் காலம் மலைக்கு வருவது, மூத்த துறவி ஒருவர் வழிபாட்டுக் கூடத்தினுள் நுழைவதைப் போன்றது. ஓசை இல்லை, அவசரம் இல்லை, எவரையும் தள்ளுவதில்லை. கல்வராயன் மலையின் முகடுகள் வெண்பனி போர்த்துத் தலை தாழ்ந்திருந்தன. சாமை அறுத்த கொல்லைகளில் தாள்கள் ஈரம் சுமந்து நின்றன. கடுக்காய் மரத்தின் இலைநுனியில் திரண்ட துளி, விழலாமா வேண்டாமா என்று நெடுநேரம் எண்ணிப் பின் விழுந்தது. பள்ளத்தின் அடியிலே, மழைக்காலத்துச் செருக்கெல்லாம் ஒழிந்த ஆறு, அகன்ற மணலின் நடுவே மெலிந்து நடந்தது. மலை முழுவதும் ஒரு நீண்ட மன்றாட்டின் இடையில் மூச்சடக்கி நிற்பது போலிருந்தது.

இத்துணை மாட்சிமையும் ஒருங்கே கூடிய அந்தக் காலையில், கருநெல்லிப் பள்ளத்துப் பாலத்தின்மேல் இருசம்மாள் பஜ்ஜிக் கடை போட்டிருந்தாள்.

அது பொதுப் பாலம். பேருந்து போகும், ஆடு போகும், புளிமூட்டை போகும். அன்று ஒரு நாள் மட்டும் மனிதர்கள் அதன் விளிம்பிலிருந்து நேர் கீழே போவதற்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். முதுகிலே மடித்த குடையைக் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். குதித்ததும் கையிலுள்ள சிறு குடையை வீசுவார்கள். அது காற்றைக் கவ்விப் பெரிய குடையை இழுத்து விரிக்கும். விரிந்தால் ஆற்று மணலில் நடந்தபடி இறங்கலாம். விரியாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பஜ்ஜிக் கடையைச் சூழ்ந்து நின்றவர்கள் மிகுந்த சுவையோடு விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

கைப்பிடிச் சுவருக்கு மேலாக ஓர் இரும்புப் பலகை வெளியே நீட்டியிருந்தது. ஒருவர் நிற்கும் அகலம். அதன் பின்முனையில் மணல்மூட்டைகளை அடுக்கிப் பாரம் ஏற்றியிருந்தார்கள். பலகையைச் சுற்றி மஞ்சள் கயிறு. அந்தக் கயிற்றண்டைதான் ராயப்பன், பேருந்திலிருந்து இறங்கிய வேகத்தில், மூச்சு வாங்க வந்து நின்றார்.

ராயப்பன் களமருதூர்க்காரர். ஓய்வுபெற்ற கண்டக்டர். கோயிலில் பாடற்குழுவின் முதற்குரல். அவர் பாடத் தொடங்கினால் ஒலிபெருக்கிக்காரன் கருவியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் தாண்டும் எவர் நெற்றியிலும் அவர் கட்டைவிரலால் சிலுவை வரைவார். வரைந்த பிறகே கால் படியிறங்கும். மகள் லிடியா இரண்டே முறை அந்தச் சிலுவையை வாங்காமல் போனாள். ஒருமுறை தட்டச்சுத் தேர்வில் தோற்றாள். மறுமுறை சங்கராபுரம் சாலையில் ஸ்கூட்டரோடு வாய்க்காலில் விழுந்து, முன்பல்லில் பாதியை வாய்க்காலுக்கே விட்டுவிட்டு வந்தாள். சான்றுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

அந்த லிடியாதான் இன்று குதிக்கப் போகிறாள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே விமானத்திலிருந்து குதிக்கப் பழகியவள். வேறு மாநிலத்துப் பாறைகளிலிருந்தெல்லாம் குதித்துவிட்டாள், வீட்டுக்குச் சொல்லாமல். சொந்த மாவட்டத்தில் இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வராமல் முந்தின நாளே நேராக மலையேறிவிட்டதால் அவள் நெற்றி வெறும் நெற்றியாக இருந்தது. அந்த வெறுமையை நிரப்பத்தான் ராயப்பன் முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தார்.

"சார், கயித்த தாண்டாதீங்க" என்றான் சுபாஷ். பலகையின் பொறுப்பு அவனுடையது, கள்ளக்குறிச்சிப் பிள்ளை, தாடிக்குள் முகம் வைத்திருப்பவன்.

"நான் பொண்ணோட அப்பங்க."

"ஆண்டவரோட அப்பாவே வந்தாலும் கயிறு கயிறுதாங்க."

"ஒரு நிமிஷம் தம்பி. நெத்தில ஒரு சிலுவ போட்டுட்டு ஓடியாந்துடறேன்."

"சோதன முடிஞ்சி போச்சிங்க. வாரு, பின்னு, சின்னக் கொட மடிப்பு, அல்லாம் பாத்தாச்சி. அதுக்கப்புறம் யாரும் தொடக்கூடாது. ஒரு வெரல் பட்டாலும் மறுபடி முதல்லேந்து பாக்கணும்."

"நெத்தியிலயா பின்னு இருக்குது?"

"நெத்திக்குப் போற கை, போற வழியில இன்னாத்த தொடும்னு யாருங்க கண்டா?"

கயிற்றுக்கு உள்ளே ஒரு மடக்கு நாற்காலியில் லிடியா அமர்ந்திருந்தாள். தலைக்கவசம் புருவம்வரை இறங்கியிருந்தது. அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு அந்தக் கையாலேயே 'பேசாமல் இருங்கள்' என்றாள்.

சுபாஷ் கூட்டத்தைப் பார்த்து முறைமைகளை அறிவித்தான். பலகையில் ஒருவர் மட்டுமே. அவரிடம் யாரும் பேசலாகாது. எப்போது குதிப்பது என்பது அவர் முடிவு. எண்ணுவதோ ஏவுவதோ கூடாது. முன்னே குதித்தவர் மணலைவிட்டு விலகிக் கீழே பச்சைக்கொடி அசைந்த பின்னரே அடுத்தவர். பலகைவரை போய் மனம் மாறித் திரும்புகிறவரைக் கேலி செய்யக்கூடாது.

"அந்தக் கடசி சட்டம் நம்ம ஊருக்கு ஒத்து வராதுங்களே" என்றாள் இருசம்மாள், வாழைக்காயை மாவில் தோய்த்தபடி. "கேலி பண்ணாம சும்மா பாத்துக்கினு நிக்கறதுக்கு, டிவியிலயே பாத்துக்கலாம்."

முதலில் ஓர் ஆள் குதித்தான், குடை விரிந்தது, மணலில் இறங்கித் துணியைச் சுருட்டத் தொடங்கினான். அடுத்துச் சாம் என்ற இளைஞன் பலகையின் முனைக்குப் போய்க் கொடிக்காகக் காத்து நின்றான். பாலமே வாய் பொத்தி நின்றது. எண்ணெய்கூட அடக்கமாகக் கொதித்தது.

வேலைக்காலம் முழுவதும் ராயப்பனுக்கு ஒரே தொழில். படியில் ஆள் நிற்பான், வண்டி நிற்கும், எல்லாரும் அவர் வாயைப் பார்ப்பார்கள். இப்போதும் விளிம்பில் ஓர் ஆள் நிற்கிறான், எல்லாம் நின்றுவிட்டிருக்கிறது. அவர் நாக்கு அவரைக் கேட்கவில்லை.

"போலாம், ரைட்!"

பள்ளம் அதை வாங்கி நான்கு மலைக்கும் பங்கிட்டது. சாமின் ஒரு கால் பலகையைவிட்டு எழுந்தே விட்டது. கீழே முன்னவன் இன்னும் மணலின் நடுவில் நிற்கிறான், கொடி அசையவில்லை. சாம் கையை விரித்துத் தடுமாறி, உட்கார்ந்து, தவழ்ந்து பின்னால் வந்தான். முகத்தில் இரத்தம் இல்லை.

"இன்னாபா, பஸ்ஸு கெளம்பலியா?" என்றாள் இருசம்மாள். சட்டம் அத்தோடு செத்தது.

சுபாஷ் ராயப்பனிடம் வந்து, தாழ்ந்த குரலில், அதனாலேயே மிகக் கடுமையாகச் சொன்னான்: "பெரியவரே, இன்னொரு சத்தம் ஒங்க வாயிலேந்து வந்துச்சின்னா ஒங்க பொண்ணு இன்னிக்கி குதிக்க மாட்டாங்க. தே, அந்த மைல்கல்லாண்ட போய் நில்லுங்க."

ராயப்பன் மைல்கல்லுக்கு நாடுகடத்தப்பட்டார். சாம் தண்ணீர் குடித்து, மீண்டும் போய், கொடி அசைந்த பின் குதித்தும்விட்டான். லிடியா எழுந்து பலகையின் பின்முனையில் ஏறி நின்றாள்.

அப்போதுதான் ஊராட்சித் தலைவர் அம்மாசி வந்தார். கையில் ஆளுயர ரோஜா மாலை, நடுநடுவே சம்பங்கி. தோளில் ஒரு சரிகைச் சால்வை. மஞ்சள் கயிறு பொதுமக்களுக்கானது என்பதை அவர் பிறப்பிலேயே அறிந்தவர். தூக்கித் தாண்டினார், பலகையிலும் கால் வைத்தார்.

"ஐயா, வேணாங்க!" சுபாஷ் ஓடினான்.

"இன்னாத்துக்கு வேணாம்? நம்ம பாலத்துலேந்து ஒரு பொண்ணு குதிக்குது. மால போடாம அனுப்புனா நாளைக்கி ஊரு என்னை இன்னா கேக்கும்? அனுமதி குடுத்தது யாரு?"

கேள்வி முடியுமுன் மாலை கழுத்தில் விழுந்தது. சால்வையை விரித்து, முதுகுக் குடையையும் சேர்த்துப் போர்த்தி, நழுவாதிருக்க முன்னால் ஒரு முடிச்சும் போட்டார். அந்த முடிச்சோடு குதித்திருந்தால் குடை விரிந்திருக்காது; மரியாதை மட்டும் கடைசிவரை கலையாமல் இருந்திருக்கும்.

லிடியாவுக்கு இந்த மண்ணின் முறைமையும் தெரியும். மாலை பெற்றவர் அதை உடனே கழற்றுவது அடக்கம். எவரும் குறை சொல்ல முடியாது. கைகூப்பினாள், கவசத்தில் சிக்கிய நாரை விடுவிக்கக் கவசத்தைக் கழற்றினாள், மாலையை எடுத்து அம்மாசியின் கழுத்திலேயே போட்டாள், சால்வையையும் அவர் தோளுக்கே திருப்பினாள். கூட்டம் கைதட்டியது. தம் பணத்தில் வாங்கிய மாலை தம் கழுத்துக்கே வந்து சேர்ந்த பெருமிதத்தில் அம்மாசி கையுயர்த்தி வணங்கிக்கொண்டே கயிற்றைத் தாண்டி வெளியேறினார்.

நெற்றி திறந்திருந்தது. ராயப்பன் மைல்கல்லிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஆனால் சோதனை தலையிலிருந்துதான் தொடங்கும். அவர் கயிற்றை எட்டியபோது கவசம் ஏறிவிட்டது. வாரும் பின்னும் மடிப்பும் ஒவ்வொன்றாய்ப் பார்த்து முடிந்தது.

பனி விலகிக்கொண்டிருந்தது. காற்றின் வேகம் பார்க்கக் கம்பத்தில் கட்டிய துணிப்பட்டை மெல்லத் தலை தூக்கியது. "காத்து ஏறுது" என்றான் சுபாஷ். "இன்னொரு சோதனைக்கி நேரம் இல்ல. இப்ப யாராச்சும் தொட்டா இன்னிக்கி அவ்ளோதான்."

ராயப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். ஒரு விரல் போதும். தொட்டால் ஆசி, தொட்டால் குதிப்பும் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, முறைத்துக்கொண்டே, முழு உடம்போடு வீட்டுக்கு வருவாள். இவ்வளவு மலிவாக ஒரு மகளைக் காப்பாற்றும் வாய்ப்பு எந்த அப்பனுக்குக் கிடைக்கும்? விரல் கயிற்றைத் தாண்டியது.

கவசத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அந்த விரலைப் பார்த்தன. அவை கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. வாய்க்காலிலிருந்து உடைந்த பல்லோடு வீட்டுக்கு வந்து, 'அப்பா, வண்டிக்கு ஒன்னும் ஆவல' என்று சொன்னபோது இருந்த அதே கண்கள்.

விரல் திரும்பியது. திரும்பும் வழியில் அவர் பார்வை பலகையில் விழுந்தது. முனைவரைக்கும் ரோஜா இதழ்கள். அம்மாசியின் மரியாதையைக் காற்று பரப்பி வைத்திருந்தது. ஈர இரும்பில் ஈர இதழ். வழுக்க வேறொன்றும் வேண்டாம்.

பேசக்கூடாதே! தோள்துண்டை உருவிச் சுபாஷின் முகத்துக்கு நேரே ஆட்டினார், பலகையைக் காட்டினார், துடைப்பதுபோல் காற்றைத் துடைத்தார். சுபாஷ் பார்த்தான், நெற்றியில் அறைந்துகொண்டான். லிடியாவை இறங்கி ஒதுங்கி நிற்கச் சொன்னான். ஒரு பட்டையை எடுத்து ராயப்பனின் இடுப்பில் கட்டி மறுமுனையைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டினான்.

ராயப்பன் மண்டியிட்டுப் பலகைமேல் தவழ்ந்தார். அவர் பெயருக்குரிய புனிதர், ஆண்டவரின் முதற்சீடர், தண்ணீரில் நடக்கப் போய் மூழ்கத் தொடங்கியவர். இவரோ காற்றின்மேல் தவழ்கிறார். கீழே ஆறு நூலாகத் தெரிகிறது. வேட்டி கொடிபோல் படபடக்கிறது. அந்த வேளையில் அவர் நினைவுக்கு வந்த புனிதர்கள் பலர். அத்தனை பேரிடமும் அவர் வேண்டியது வேட்டியைப் பற்றி மட்டுமே. ஒவ்வோர் இதழாய்த் துடைத்தார். முனையை அடைந்ததும், மகளின் பாதங்கள் நிற்கப்போகும் இடத்தில், கட்டைவிரலால் ஒரு சிலுவை வரைந்தார். நெற்றி இல்லாவிட்டால் என்ன, காலடியாவது காக்கப்படட்டும். பிறகு நண்டுபோல் பின்னால் வந்து, கயிற்றுக்கு வெளியே போய், நெஞ்சு நிமிர்த்தி நின்றார்.

லிடியா நடந்தாள். முனைக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டாள்.

அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றும் வீட்டில் வளர்ந்தவள். சிலுவையின்மேல் எப்படிச் செருப்புக்கால் வைப்பாள்? இரும்பில் ஒரு கோடும் இல்லை. ஆனால் அவளுக்கு அது அங்கே இருந்தது. வலப்பாதம் எழுந்தது, இறங்க இடமின்றித் திரும்பியது.

அப்போதுதான் ராயப்பனுக்குத் தாம் செய்தது உறைத்தது. மகளின் வழியில் ஆண்டவரையே குறுக்கே படுக்க வைத்துவிட்டார்! 'மிதிச்சிக்கம்மா, அவரு கோச்சிக்க மாட்டாரு' என்று கத்த வேண்டும். கத்தினால் எல்லாம் போயிற்று. துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். துணிப்பட்டை இன்னும் சற்று உயர்ந்தது. கூட்டத்தில் ஒருவரும் கேலி பேசவில்லை. இருசம்மாள் கரண்டியைப் பிடித்தபடி உதட்டைக் கடித்து நின்றாள்.

மணல் காலி என்று கீழே பச்சைக்கொடி மீண்டும் ஒருமுறை அசைந்தது.

லிடியா குனிந்தாள். அப்பாவின் விரல் பட்ட இரும்பை விரல்நுனியால் தொட்டாள். அந்த விரலைக் கவசத்தின் விளிம்புக்குள் நுழைத்து, நெற்றியில், மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் மெல்ல இழுத்தாள். யாரும் யாரையும் தொடவில்லை. பிறகு நிமிர்ந்து, இரண்டு பாதங்களையும் அந்த இடத்திலேயே வைத்து, போனாள்.

பாலம் முழுவதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தது. பள்ளத்தில் துணி ஒன்று படாரென்று அறைந்த ஓசை கேட்டது. செந்நிறக் குடையொன்று வெயிலின் முதற்கதிரில் மிதந்து, ஆற்றைச் சுற்றி வளைந்து, மணலை நோக்கிச் சாய்ந்தது.

ராயப்பன் வாயிலிருந்து துண்டை எடுத்தார். அவள் மணலில் கால் ஊன்றி, துணியைச் சுருட்டி ஓரம் ஒதுங்கியபின், கொடி மறுபடி அசையும்வரை பொறுத்திருந்தார். பின்பு, பாடற்குழுவில் எவரும் கேட்டிராத மிகச் சிறிய குரலில், பள்ளத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நல்லா இரு, தாயி. நீ எறங்குற எடத்துலல்லாம் காத்து ஒனக்கு தோள் குடுக்கட்டும், மண்ணு மடி குடுக்கட்டும். மால போட்ட அந்த ஆளையும் ஆண்டவரு நல்லா வெக்கட்டும்."