மேலிருந்து கீழ்

இடமிருந்து வலம் என் வீட்டுக்காரருக்கு, மேலிருந்து கீழ் எங்கள் மகளுக்கு. காலையில் பேப்பர் வந்ததும் குறுக்கெழுத்தை அப்பாவும் மகளும் இப்படித்தான் பாகம் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் பங்கில் மற்றவர் கை வைத்தால் அடிதடிதான். உருப்படியான வேலை இல்லாத கூட்டம் என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன்.

அவளை லாரி அடித்துப்போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த மனுஷன் சாப்பாட்டு மேசையே கதி என்று கிடந்தார். பேச்சில்லை, கண்ணீரில்லை, லேத் பட்டறைக்கும் போகவில்லை. மல்லுக்கட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பெற்றதைப் பறிகொடுத்தாயிற்று, இவரையும் வாரிக்கொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். பேப்பரைப் பிரித்து வைத்தேன்; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, நானே ஒரு கட்டம் போடுவோம், அதில் தப்புக் கண்டுபிடிக்கவாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன்.

என் துணிச்சலைப் பாருங்கள்! ஆயுசில் ஒரு கட்டம் நிரப்பியதில்லை. தையலுக்கு அளவெடுக்கும் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். கட்டில், சன்னல், அலமாரி, பெஞ்சு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒன்றைப் பொருத்தினால் இன்னொன்று இடித்தது. அழித்து அழித்தே காகிதம் ஓட்டையாகிவிட்டது. கடைசியில் அஞ்சல்பெட்டியைப் படுக்கப் போட்டு, மற்றதையெல்லாம் அதில் தொங்கவிட்டேன். ஒருவழியாக ஒப்பேற்றியாயிற்று. வேறு தாளில் வெறும் கட்டம் வரைந்து, குறிப்புகளையும் எழுதி, பென்சிலோடு அவர் முன்னால் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். பென்சிலை எடுத்தார். அஞ்சல்பெட்டியை ஒரே மூச்சில் எழுதினார். அதோடு பென்சில் நின்றுவிட்டது. மற்றதையும் எழுதச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுதான் போட்டிருக்க" என்றார். இரண்டு மாதம் கழித்துக் கேட்ட குரல். "மத்ததெல்லாம் அவளுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குனிந்து பார்த்தேன். படுத்திருந்தது அந்த ஒன்றுதான். மற்ற எல்லாமே மேலிருந்து கீழ். படுபாவி, இதுகூடத் தெரியாமல் போட்டிருக்கிறேன். என்மேல் வந்த ஆத்திரத்தில் அவர்மேல் பாய்ந்தேன்.

"அவ இனிமே வரமாட்டா. நீங்கதான் எழுதணும்."

அவர் பென்சிலை என் பக்கம் நீட்டினார். "நீ எழுது."

வாங்கினேன். நான் போட்ட கட்டம், விடை எனக்குத் தெரியாதா? பென்சிலைக் கட்டத்தில் வைத்தேன். கை ஓடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இந்த வீட்டைத் தாங்கியவள் நான். மேசைமேல் கவிழ்ந்து ஓவென்று அழுதேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து வந்து என் முதுகில் கை வைத்தார்.

"வரமாட்டா, இல்ல?" என்று கேட்டார்.

"வரமாட்டா" என்றேன்.