உள்ளே வராத புரதம்

மாமியார் தினமும் மாலையில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்காவது உள்ள போச்சா?" என்பார். வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற கூச்சக்கார மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுபோல் இருக்கும். "இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டு மருமகள் முகம் கழுவப் போய்விடுவாள்.

உள்ளே போகவேண்டியது ஒரு புரதம். போகவேண்டிய இடம் செல்லின் நடுவிலுள்ள உட்கரு. உட்கருவைச் சுற்றிச் சுவர் உண்டு, சுவர் முழுக்கத் துளைகள் உண்டு. சிறிய மூலக்கூறுகள் தாமாகவே நுழைந்துவிடும். பெரிய புரதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் உடம்பிலேயே முகவரிபோல் ஒரு துண்டு இருக்கவேண்டும். அதைப் பார்த்து ஒரு துணைப் புரதம் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும். வெளியே வருவதற்கு வேறொரு முகவரி, வேறொரு துணை.

அவளுடைய புரதம் பெரியது. உள்ளே போகும் முகவரி அதில் இருக்கிறது என்பது அவள் கட்சி. மூன்று வருடமாக அதில் பச்சையாய் ஒளிரும் துண்டொன்றை ஒட்டி, நுண்ணோக்கியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும், பச்சை வெளியில்தான் நின்றது. உட்கரு நடுவில் கருந்திட்டாகவே கிடந்தது. ஆய்வகத்தின் தலைவி மேடம் பொறுமைசாலிதான். ஆனாலும் போன வாரம், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் காட்ட ஒன்றும் இல்லையென்றால் இந்தப் புரதத்தை மூடிவைத்துவிட்டு வேறொருவர் வேலையில் சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

கணவனும் அதே ஆய்வகம். புரதங்கள் உட்கருவை விட்டு வெளியேறுவதுதான் அவன் பாடம். வெளியே கூட்டிவரும் துணையின் கையைக் கட்டிப்போடும் மருந்தொன்றை அவன் பயன்படுத்துவான். செல்களை வளர்க்கும் இன்குபேட்டரை இருவரும் பங்கு போட்டிருந்தார்கள்: மேலடுக்கு அவனுக்கு, கீழடுக்கு அவளுக்கு. வீட்டு அலமாரியிலும் அதே ஏற்பாடுதான். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் ஆய்வகச் சண்டை போட்டு அலுத்துப்போய், வீட்டில் ஆய்வகப் பேச்சு கூடாது என்று விதி செய்துகொண்டார்கள். மாமியார் மட்டும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை.

புதன்கிழமை மாலை கீழடுக்கில் தண்ணீர் கசிவதைப் பார்த்தாள். ஓரத்தில் மட்டும்தான் ஈரம். செல்கள் வளரும் சிறு தட்டுகளான டிஷ்களில் அவனுடையவை குறைவாக இருந்ததால் அவற்றைக் கீழே காய்ந்த பக்கமாக வைத்துவிட்டு, தன்னுடையவற்றை மேலே ஏற்றினாள். அவனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். வீட்டில் விதி குறுக்கே நின்றது. காலையில் அவன் முதல் பேருந்தில் போய்விட்டான்.

வியாழக்கிழமை மதியம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் டிஷ்ஷை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கருந்திட்டுகள் இருந்த இடத்தில் எல்லாம் பச்சை. செல்லுக்குச் செல் உட்கரு நிறைந்து ஒளிர்ந்தது. படத்தை எடுத்து மேடத்துக்கு அனுப்பினாள். கசிவு நின்றிருந்ததால், இருவருடைய டிஷ்களையும் பழையபடி அவரவர் அடுக்கில் வைத்தாள். கூட்டத்தில் முதலில் அவளே பேசலாம் என்று உடனே பதில் வந்தது.

அன்று மாமியார் வாயைத் திறக்குமுன்பே, "போச்சு அத்தை" என்றாள். மாமியார் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து அவள் வாயில் ஒரு சிட்டிகை போட்டார்.

கணவன் மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டான். அன்று அவன் வேலை பாழாகியிருந்தது. மருந்து விட்டும் அவனுடைய செல்களில் எந்த மாற்றமும் இல்லை. மருந்து கெட்டுப்போனது என்று நினைத்துக் குப்பியைக் கொட்டிவிட்டு வந்திருந்தான். உட்கருவெல்லாம் பச்சை என்று அவள் அத்தையிடம் சொல்வதைக் கேட்டு, மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"ஏம்மா, உன் டிஷ்ஷெல்லாம் எந்த அடுக்குல இருந்துச்சு?"

"வீட்ல அந்தப் பேச்சு கூடாதுங்க."

"சொல்லு."

"மேல. கீழ தண்ணி கசிஞ்சுது, அதான் மாத்தி வச்சேன்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். காலையில் வழக்கம்போல் மேலடுக்கில் இருந்ததற்கெல்லாம் மருந்து விட்டதாகச் சொன்னான். மூடியில் எழுதியிருப்பதைப் படிக்கும் வழக்கம் இருவருக்குமே இல்லை. அடுக்கே அடையாளம்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. நாக்கில் சர்க்கரை இன்னும் இனித்தது, அதுதான் தாங்கமுடியவில்லை. கணவன் மன்னிப்புக் கேட்டான். மாமியார் மகனைப் பார்த்து, சின்ன வயசிலேயே அடுத்த வீட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தவன்தானே என்றார்.

பாத்திரம் தேய்க்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. குழாயை மூடினாள். கணவனின் மருந்து உள்ளே போகிற வழியைத் திறந்துவிடுவதில்லை. வெளியே வருகிற வழியைத்தான் அடைக்கிறது. உள்ளே போகவே போகாத ஒன்றுக்கு வெளிவழியை அடைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. உட்கரு கருப்பாகவே கிடக்கும். ஆனால் நிறைந்திருந்ததே.

மறுநாள் கூட்டத்துக்கு முன்பே மேடத்தின் அறைக்குப் போய், படத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்போ உள்ள போகலைன்னு ஆச்சு," என்றார் மேடம்.

"போகுது மேடம். தங்க மாட்டேங்குது. நாம பாக்குறப்ப எல்லாம் வெளிய வந்துடுது."

மேடம் பேனாவை மூடினார். மருந்தில் நலிந்த செல்லில் சுவர் கசிந்து, கண்டதெல்லாம் உள்ளே வந்திருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். புரதத்தில் உள்ளே போகும் முகவரியை மட்டும் வெட்டிவிட்டு, அதே மருந்தை விட்டுப் பார்க்கச் சொன்னார் மேடம். அப்போதும் உட்கரு பச்சையானால் அது வெறும் கசிவு. அன்றோடு இந்தப் புரதத்தை மூடிவிடவேண்டும். அவள் ஒப்புக்கொண்டாள்.

முகவரியை வெட்டி, செல்களில் ஏற்றி வளர்த்தெடுக்க வாரங்கள் பிடித்தன. இந்த முறை ஒவ்வொரு மூடியையும் கணவன் உரக்கப் படித்தான், அவள் மருந்து விட்டாள். நுண்ணோக்கி அறையில் முதலில் முகவரி வெட்டிய டிஷ்ஷை வைத்தாள். பார்த்தாள். நடுவில் கருப்பு. நகர்த்தினாள், அடுத்ததிலும் கருப்பு. இத்தனை நாள் அவளை அழவைத்த கருந்திட்டு, இன்று அங்கே இருந்ததற்காகக் கும்பிடவேண்டும்போல் இருந்தது. அடுத்தது முகவரியோடு இருந்த டிஷ். உட்கருக்கள் பச்சையாய் நிறைந்திருந்தன.

மேடம் வந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உள்ளே போய் அது என்ன வேலை பார்க்கிறது, ஏன் நிற்காமல் ஓடிவருகிறது என்று கேட்டார்.

"தெரியாது மேடம்."

"அப்போ அதைப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் அவள் செருப்பைக் கழற்றினாள். மாமியார் கேட்டார். அவள் விளக்கிச் சொன்னாள்: அது எப்போதுமே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது, போன வேகத்தில் வந்துகொண்டும் இருந்திருக்கிறது.

மாமியார் யோசித்தார். "அப்போ மூணு வருஷமா அது இல்லாத நேரமாப் பாத்துப் போயி, ஆள் வரவே இல்லைன்னு சொல்லிட்டு இருந்திருக்க."

"ஆமா அத்தை."

"பாவம், அது என்ன நினைச்சுதோ," என்றபடி மாமியார் சர்க்கரை டப்பாவை எடுக்க எழுந்தார். உள்ளேயிருந்து கணவனின் குரல் கேட்டது. நாளை இன்குபேட்டரைக் கழுவ ஆள் வருவதாகவும், டிஷ்களை இடம் மாற்றவேண்டியிருக்கும் என்றும் சொன்னான். வீட்டில் அந்தப் பேச்சு கூடாது என்று அவள் சொல்லவில்லை. எந்த அடுக்குக்கு என்று கேட்டாள்.