அக்கா போட்ட தாளம்

"தொடாத! தாளம் போடுறா பாரு" என்று, ஹெட்ஃபோனைக் கழட்டப் போன அக்கா மகளின் கையைத் தட்டிவிட்டான் டிஜே. தொழிலை வைத்து வீட்டிலும் அவனுக்கு அதே பெயர் நிலைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். காதில் தம்பி மாட்டிவிட்ட பெரிய ஹெட்ஃபோன். அதன் ஒயருக்குப் பக்கத்தில் அவளுடைய ஆள்காட்டி விரல் மட்டும் மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. கால்மாட்டில் அம்மா உட்கார்ந்து, மகளின் பாதத்தைத் தடவியபடி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். டிஜே விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாண மண்டபங்களில் அவனுக்கு நல்ல பெயர். கூட்டத்தின் காலைப் பார்த்தே அடுத்த பாட்டு எதுவென்று கண்டுபிடித்துவிடுவான். கேட்டதையெல்லாம் போடுவான், போட்டுவிட்டு மனதுக்குள் திட்டுவான். அவனுக்குப் பிடித்ததே வேறு. பாட்டு வரி கிடையாது. ஒரு முரசும் ஒரு ரீங்காரமும் பத்து நிமிஷத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டு அதை மண்டபத்தில் போட்டான். மூன்றாவது நிமிஷம் மொத்தக் கூட்டமும் சாப்பாட்டு வரிசையில் நின்றது, மாப்பிள்ளை உட்பட. அதிலிருந்து அந்த இசைக்கு உலகத்தில் ஒரே ரசிகை அக்காதான். புதிதாக எதைச் செய்தாலும் அவளிடம் கொண்டுபோவான். "நல்லாருக்குடா" என்பாள். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஆறு மாசத்தை ஓட்டுவான்.

நாலரை மணிக்கு விரல் நின்றது.

மறுநாள் காலை, உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கூடம் முழுக்க வாடகை நாற்காலிகள். அத்தான் வருகிற ஒவ்வொருவரிடமும், "மச்சான் போட்ட பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டே போய்ட்டா. கஷ்டப்படல" என்றார். முதலில் அதை ஃபோனில் எல்லோருக்கும் சொன்னவன் டிஜேதான். வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கத்துக்கு நடுவில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

டீ எடுக்கச் சமையலறைக்குப் போனான். அக்கா மகள் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அத எல்லார்கிட்டயும் சொல்லாதீங்க."

"எத?"

அவள் குழாயை மூடினாள். "அம்மா தாளம் போடல. கழட்டச் சொன்னாங்க. காலையில ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கும் அப்படித்தான் விரல ஆட்டினாங்க. பாட்டி பேசிக்கிட்டிருந்தாங்கல்ல, அதக் கேக்கணும்னு நெனச்சிருப்பாங்க."

"அவளுக்கு என் பாட்டு பிடிக்கும்மா" என்றான்.

"தலவலின்னுதான் சொல்வாங்க. நீங்க போனதும் மாத்திரை போடுவாங்க. 'பாவம், அவனுக்கு வேற யாரு இருக்கா'ம்பாங்க." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க தட்டிவிட்டப்புறம் நானும்தான கழட்டல. உங்க முகத்தப் பாத்தேன், கை வரல."

அவனுக்குக் காது மடல் வரை வெட்கம் சுட்டது. டீயை எடுக்காமலே வெளியே வந்தான்.

அம்மா கை காட்டிக் கூப்பிட்டாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் அவ்வளவு பேசினேன்டா. ஒண்ணுக்கும் அவ அசையல. உன் பாட்டுக்காவது அசைஞ்சாளே, அது போதும்."

"அம்மா..." என்றான். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். அவள் விரல் உன் குரலுக்குத்தான் அசைந்தது, நான்தான் கேட்க விடவில்லை. எதிர் வரிசையில் அத்தானும் வந்தவர்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எப்டித் தட்டினா? காட்டு." அம்மா உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

அவன் ஆள்காட்டி விரலை அதில் வைத்தான். அக்காவின் விரல் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாமல்தான் அசைந்தது என்பது இப்போது தெளிவாக நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரே சீராகத் தட்டினான். எதிரே யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, அதற்கேற்பத் தலையை ஆட்ட ஆரம்பித்தாள்.